நெஞ்சு கனக்குது என்றவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவச் சங்கப் பெரியோர்களே, கண்கலங்கி நிற்கும் போடி, தேனி மக்களே! நான் வாய்மூடி இருந்தது போதும். இந்தச் சனிக்கிழமை இரங்கல் கூட்டத்தில் பேசுவோர் பட்டியலில் எனக்கு இடமில்லை. ஆகவே எழுதி அனுப்புகிறேன், யாராவது படித்துவிடுங்கள்.

போய்விட்டார் நம் மருத்துவர் முத்துராஜா. ஐம்பத்திரண்டு வயதில், மாரடைப்பில்!

அவர் வைத்தியம் பார்த்த விதம் உங்களுக்குத் தெரியும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் மொக்கம்மாள் ஒருநாள் வந்து, "நெஞ்சு கனக்குது சாமி" என்றார்.

"எங்கன? கைய வச்சுக் காட்டு ஆத்தா."

ஈசிஜி எடுத்தார். அதோடு விட்டாரா? "தூக்கம் வருதா? சோறு எறங்குதா? யாருகூடயாச்சும் பேசுறியா?" என்று கேட்டார்.

மொக்கம்மாள் சீறினார்: "நெஞ்சுக்கு மருந்து கேட்டா சோத்தப் பத்திக் கேக்குறாக!"

"நோவுக்கும் கவலைக்கும் 'நெஞ்சு கனக்குது'ன்னு ஒரே பேரு வச்சது நீங்கதான ஆத்தா!"

இதற்காக அவரைக் 'கவலை டாக்டர்' என்று கேலி செய்தது யார்? கையில் பூமாலையோடு வந்திருப்பவர்களே, நீங்கள்தான்! மனக்கவலை இதயத்தையும் தாக்கும் என்று அவர் சொன்னதில் என்ன பிழை? மனச்சோர்வு நீடித்தால் மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் தணியாமல் நிற்கலாம். ரத்தக்குழாயின் உட்சுவரில் அழற்சி கூடலாம். தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறையலாம். மாரடைப்பு கண்டவர்களில் பலரை மனச்சோர்வு பிடிப்பதும் உண்டு. படித்த நமக்கு இது தெரியாதா? தெரியும். கேட்க நேரமில்லை என்றோம்.

நானும் இதய மருத்துவன்தான். மூன்றாண்டுகளுக்கு முன் சங்கக் கூட்டத்தில் ஒரு நோயாளியின் ஈசிஜியை நான் விளக்கியபோது, பலரைக் கேட்டதுபோல் என்னையும் எல்லார் முன்னாலும் கேட்டார்: "அண்ணே, ஈசிஜியப் பாத்தீக, ஆளப் பாத்தீகளா?" அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

போன ஆண்டு அவர் மனைவி ராஜாத்தி இறந்தார். அதன்பின் அவர் இளைத்தார், பேச்சைக் குறைத்தார். சென்ற மாதம் என்னைப் போனில் அழைத்தார்.

"அண்ணே, நெஞ்சு கனக்குது."

துக்கத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கையை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்கவில்லை. துக்கம் என்றே வைத்தாலும், தூங்குகிறாரா என்றாவது கேட்டேனா? மூன்றாண்டுக் கசப்பைத்தான் கக்கினேன்: "ஆளப் பாக்கத் தெரிஞ்சவுகதான நீங்க? ஒங்களையே பாத்துக்கங்க தம்பி."

"சரிண்ணே" என்று சிரித்தார். நான்காம் நாள் போய்விட்டார்.

மனச்சோர்வுதான் அவரைக் கொன்றது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்றில்லை. நான் கேட்கவில்லை என்பதற்கு நானே சான்று.

முத்துராஜா! உங்கள் மூன்று கேள்விகளையும் என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் இனி கேட்பேன். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் கேட்பேன். யார் கேலி செய்தாலும் கேட்பேன்!

இதை எழுத உட்காருமுன் அவர் மகள் ஓவியாவை நேரில் பார்த்து, நான் போனில் சொன்னதை ஒரு சொல் மறைக்காமல் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"அப்பா ஒங்கள நம்பித்தான பெரியப்பா போன் பண்ணாக?"

தெரிய வேண்டியவளுக்கு, அப்படிச் சொன்னவன் நான்தான் என்று தெரிந்துவிட்டது. இங்கே பெயர் போட்டால் என் பகையைப் பேசுவீர்கள், அவரை விட்டுவிடுவீர்கள். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.