உலக்கைக்கு அந்தப் பக்கம்

— ஆவாது டீச்சரம்மா. குடிச வாசல்ல உலக்க குறுக்க கெடக்குது பாருங்க. வயசுக்கு வந்த பொண்ணு, பதினோரு நாளு முடியாம அதத் தாண்டப்படாது.

— இன்னும் எத்தனை நாள் இருக்கு, நஞ்சம்மா?

— அஞ்சு.

— பரீட்சை நாளைக்குக் காலையில. ஓசூர்ல, மூணு நாள். உத்தனப்பள்ளி ரோட்டுல ரெண்டு மணி பஸ்ஸை விட்டா இன்னைக்கு வேற பஸ் கிடையாது. பரீட்சையை விட்டா அடுத்த வருஷம்தான்.

— டீச்சர், எனக்கு அடுத்த வருசம் ஏது? பதினோரு நாளு முடிஞ்சி இந்தக் குடிசயக் கொளுத்தின மறுவாரமே எனக்குப் பாக்கு வெத்தல மாத்தறதுன்னு மாமா சொல்லிட்டுப் போனாரு. உள்ளருந்து கேட்டுக்கினுதான் இருந்தேன்.

— நீ சும்மா கெட செல்லி.

— யாரோட, நஞ்சம்மா?

— எங்கண்ணன் கங்கப்பன் மவன் முனிவேலோடத்தான். தாய்மாமன் தழ வெட்டிக் குடிச கட்டிட்டா உரிம அவங்களுதுதான டீச்சரம்மா. நான் வாணாம்னு சொல்ல முடியுமா? இவ அப்பன் மலக்காய்ச்சல்ல போன நாள்லருந்து அவரு கொட்டாயிலதான் எங்களுக்குக் கஞ்சி.

— சுதந்திரம் வந்து எட்டு வருஷமாச்சு. இந்த ஊர்ல இருந்து எட்டாவது பப்ளிக் பரீட்சைக்குப் போற முதல் பொண்ணு இவதான். தேறிட்டா டீச்சர் ட்ரெயினிங்ல நானே சேர்த்துடுவேன். ஆஸ்டல்ல சோறு போட்டுடுவாங்க. ரெண்டே வருஷம், உன் பொண்ணு என்னை மாதிரி நாற்காலியில உட்காருவா. பரீட்சை எழுதலைன்னா ஒண்ணும் கிடையாது. நான் யார் காலைப் பிடிச்சாலும் கிடையாது.

— எனக்குத் தெரியாதா. நாந்தான கெடுத்தேன். கெணத்தடியில பாவாடயக் காட்டினா. சந்தோசத்துல பரீட்ச நெனப்பே வரல எனக்கு. ஓட்டமா ஓடிப்போயி அண்ணன் வூட்டு வாசல்ல நின்னு சொல்லிப்புட்டேன். ரெண்டு வாரம் இந்த வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்.

— அழாதே, நஞ்சம்மா.

— சொன்ன கையோட என்னிய ஓரமாப் போவச் சொல்லிட்டாங்க. தாலியறுத்தவ நெழலு பொண்ணு மேல படப்படாதாம். மஞ்சத்தண்ணி ஊத்தறப்போ மாட்டுக் கொட்டாயில ஒக்காந்திருந்தேன். இன்னிக்கி எல்லாரும் சந்தைக்குப் போயிட்டாங்க, அதான் பெத்த பொண்ண இவ்ளோ கிட்ட வந்து பாக்கறேன்.

— அப்போ சோறு யார் கொடுக்கறாங்க?

— அத்ததான் டீச்சர். கிண்ணத்த உலக்கைக்கு அந்தாண்ட வெச்சிட்டு, தீட்டுன்னு மூஞ்சியத் திருப்பிக்கினு போயிடுவா. ஒரு வார்த்த பேசமாட்டா. டீச்சர், நான் தாண்டி வந்துடறேன். நீங்க கைய மட்டும் புடிச்சிக்குங்க.

— வாணாம்டி. குடிச காலியாக் கெடந்தா அண்ணன் வம்சமே நிக்காதும்பாங்க. சாயங்காலம் வெச்ச கிண்ணம் அப்பிடியே கெடந்தாப் போதும், ஓசூர் வரைக்கும் வந்து உன் மயிரப் புடிச்சி இழுத்துக்கினு வருவாங்க. டீச்சரம்மாவ ஊர்லயே விட்டு வெக்க மாட்டாங்க.

— என்னை விடு. நான் வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போயிடுவேன்.

— அம்மா, எங்கூடப் படிச்ச பசங்க ஒம்பது பேரும் காலையிலயே போயிட்டாங்க. வேலியோரமா பாட்டுப் பாடிக்கினே போனாங்க. எனக்கு இதுக்குள்ள மூச்சு முட்டுதும்மா.

— மணி என்ன டீச்சரம்மா?

— ஒண்ணேகால். ரோட்டுக்கு நடக்கவே அரை மணி ஆகும். நான் கிளம்பணும், நஞ்சம்மா. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு.

— செல்லி, கிண்ணம் வெக்கறப்போ அத்த உள்ள குனிஞ்சு பாப்பாளா?

— பாக்கமாட்டா. அவ போனப்பறம் கைய நீட்டி எடுத்துக்குவேன். ஏம்மா?

— அந்தப் பாவாடய அவுத்து இப்பிடி வீசு. இந்தா, என் பொடவ. முக்காடு போட்டுக்கினு டீச்சரம்மா பின்னால நட. குடிச காலியாத்தான இருக்கப்படாது?

— நஞ்சம்மா, நீ உள்ள போகப் போறியா? தெரிஞ்சா உயிரோட விடுவாங்களா? மூணு நாள் உன்னைக் காணோம்னு தேடமாட்டாங்களா?

— நல்ல காரியம் நடக்கற வூட்டுல தாலியறுத்தவள யாரு டீச்சரம்மா தேடுவாங்க?