எங்க வீட்டு வல்லரசு

இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க... ஆங், அப்படியே. நேத்து எங்க வீட்டுல நடந்த கூத்து இன்னும் மண்டைக்குள்ளயே ஓடுது. பயப்படாதீங்க, பல்லுல மெஷின வச்சா நின்னுடும்!

என் தம்பி வந்திருந்தான். அந்தப் பெரிய நாட்டுல இருக்கானே, அவன்தான். அங்க ஓட்டுரிமையே வாங்கிட்டான். ரொம்ப வருஷம் கழிச்சு வர்றான், அவன நிம்மதியா சாப்பிட விட்டாரா எங்க வீட்டுக்காரர்? எங்கயோ சண்டையாம். "மாப்ளே, மக்கள் ஓட்டுப் போட்டு நடத்துற நாடு, அவ்வளவு படை இருக்கு... ஒருத்தன் அடி வாங்கறப்போ கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காரலாமா?"ன்னு ஆரம்பிச்சாரு.

அவன் சும்மா இருப்பானா? "நாங்க போன இடம் எது மாமா உருப்பட்டுச்சு? எங்க ஏரியா ஆஸ்பத்திரியவே மூடிட்டாங்க, அத முதல்ல பாக்க வேணாமா?"ங்கறான்.

நாக்க உள்ள வைங்க... சிரிப்பு வருதா? அங்க ஓட்டு இருக்கறவன் வேணாங்கறான். தன்னோட கண்ணாடிக் கடையத் தாண்டி எங்கயும் போகாத இவரு, சாப்பாட்டு மேசையில உக்காந்து போர்க்கப்பல் அனுப்பறாரு!

அதோட விட்டாரா? "அதென்ன 'நாங்க', 'எங்க'? 'நாம'ன்னு சொல்ல வாய் வரலியா? எங்கள வெளிய நிறுத்திட்டியா?"ன்னு பிடிச்சுக்கிட்டாரு. அவன், "நாமன்னா நீங்களும் வரி கட்டணும் மாமா"ங்கறான்! இப்ப ஹோட்டல்ல போய் தங்கியிருக்கான். மதியம் விமானம்... எல்லாம் இவரால. வலிச்சா கையத் தூக்குங்க.

என்ன, வலிக்குதா? இல்லியா? ஓ... இதுக்கா போயிட்டான்னு கேக்கறீங்களா?

இதுக்கு இல்லீங்க. வரின்னதும் ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. அது புரியாம நான்தான் சமாதானம் பண்றேன்னு நடுவுல புகுந்தேன். அடுப்படியில இருந்து வந்து மேசையத் தட்டி, "இங்க வந்து என்னடா சண்டை? பிடிக்கலைன்னா உங்க ஊருக்கே போ"ன்னுட்டேன். உங்க ஊரு! அவன் பொறந்து வளந்த எங்க அப்பா வீட்டுல நின்னுக்கிட்டு சொல்றேன். "சரிக்கா"ன்னு பெட்டிய எடுத்துக்கிட்டான்.

எதுக்கு என் ஃபோன என் பக்கம் தள்ளறீங்க? நானா கூப்பிடணும்? நான் பெரியவளாச்சே! பெரியவங்கதான் முதல்ல இறங்கி வரணும்னு எந்தச் சட்டத்துல... சரி, முறைக்காதீங்க. பஞ்ச கடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் வெளிய இருங்க. நான் அழறத நீங்க பாக்க வேணாம். பாதிப் பல்லோட ஓடிடாதீங்க!

ஹலோ... டேய், வச்சிராதடா. அக்காதான்.