காட்டேரி சொல்லாத விலாசம்

தேதி எனக்கு மறக்காதும்மா. போன வருஷம் நவம்பர் பதினேழு, வியாழக்கெழம. விடியக்காலையிலேர்ந்து தூறல், போட்ட துணி ஒண்ணுகூட காயல. அன்னைக்குத்தான் என் வீட்டுக்காரரோட நாவல் ரெண்டாம் பாகத்தோட முதல் பிரதிய உங்க பதிப்பகத்துலேர்ந்து அனுப்பினீங்க. உட்காருங்க. மூணாம் பாகம் என்னாச்சுன்னு கேக்கத்தானே வந்தீங்க? அவர் மாடியிலதான் இருக்காரு. அப்புறம் போய்ப் பாக்கலாம், மொதல்ல நான் சொல்றதக் கேட்டுடுங்க.

சூனியக்காரி, காட்டேரி, பழைய போரு, பஞ்சம்னு பக்கம் பக்கமா வருதே, என்னா கற்பனைன்னு நீங்கல்லாம் வாயப் பொளக்கறீங்க. என் வீட்டுக்காரருக்குக் கற்பனையே கெடையாதும்மா. காட்டேரிப் பல்லு எழுதணும்னு பல் டாக்டர்கிட்ட யாரோட பல்வரிசையோ மாவுல எடுத்த அச்சு ஒண்ணு வாங்கிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில வெச்சுப் பாத்துட்டே இருந்தாரு. எனக்குச் சாப்பாடு எறங்குமா சொல்லுங்க. அந்தக் காலத்துல பொம்பளைங்களச் சூனியக்காரின்னு சொல்லி எரிச்சாங்களே, அது நெஜமா நடந்ததுதானே, அந்த அத்தியாயத்துக்காகச் செங்கல் சூளையில போய் நின்னு புருவத்தப் பொசுக்கிட்டு வந்தாரு. பாக்காதது, கேக்காதது ஒரு வரி எழுத வராது. சரித்திரத்துக்கு நூலகம். மனசுக்கு நான்.

எங்க பொண்ணு, ஒரே பொண்ணு, கல்யாண விஷயமா எங்க ரெண்டு பேர்கிட்டயும் சண்ட போட்டுட்டுப் போயிட்டா. எங்க இருக்கான்னே தெரியாது. தேடறேன், விசாரிக்கறேன்னு இவர் சொல்லிட்டே இருப்பாரு. தெனம் காலையில நான் பாத்திரம் கழுவறப்ப பக்கத்துல வந்து நிப்பாரு. இன்னைக்கு அவள நெனச்சியா, நெனைக்கறப்ப எப்படி இருக்குன்னு கேப்பாரு. ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன், இந்த மட்டுக்கும் கேக்கறாரேன்னு நானும் கொட்டித் தீப்பேன். யாராவது கதவத் தட்டினா நான் உடனே தொறக்க மாட்டேன், தொறந்தா அவ இல்லன்னு தெரிஞ்சுபோயிடும்னு ஒரு நாள் சொன்னேன். ஆமா, முதல் பாகத்துல சூனியக்காரி சொல்றாளே, நீங்க பின்னட்டையில போட்டீங்களே, அதேதான். அப்ப எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு, சொல்றதுக்கென்ன.

ரெண்டாம் பாகத்துல, சூனியக்காரியோட தொலஞ்ச பொண்ணு எங்க இருக்கான்னு அந்த ஆம்பளக் காட்டேரிக்குத் தெரியும். சூனியக்காரிகிட்ட சொல்ல மாட்டான். அன்பாலதான் மறைக்கறான்னு உங்க வாசகருங்க உருகறாங்க. நான் அந்தப் பொண்ணோட வீட்டப் படிச்சேம்மா. கடிகாரம் ரிப்பேர் பண்ற கடைக்கு மேல மாடி. மரக்கதவு, அடியில நாய் பிராண்டின தடம். உள்ள ஒரு சின்னக் கொழந்தை, தூங்கறப்ப தன் காதத் தானே புடிச்சுக்குது. அந்தப் பக்கத்த மறுபடி மொதல்லேர்ந்து படிச்சேன். இந்த மனுஷனுக்கு ஒரு கதவக்கூட இட்டுக்கட்டத் தெரியாதே.

இது யாரு வீடுன்னு அவரக் கேட்டேன். கற்பனைன்னாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வார்த்தைய அவர் வாயால கேட்டது அப்பதான்.

மறுநாளே கெளம்பிட்டேன். மாசாமாசம் நூலகத்துக்குன்னு ஒரு ஊருக்குப் போவாரு, அந்த ஊருக்கே போய் விசாரிச்சேன். கடையக் காட்டிட்டாங்க. படியேறித் தட்டினா, அவதான் தொறந்தா. இங்க ஏன் வந்தேன்னு கேக்கல. உனக்கு மனசு மாறிடுச்சாம்மான்னு கேட்டா. என்ன மாறணும்னேன். உங்கம்மா உன் மொகத்துலயே முழிக்க மாட்டேங்கறா, நானும் பேசிப் பாத்துட்டேன்னு இத்தன வருஷமா அவகிட்ட சொல்லிட்டிருந்திருக்காரு. சொல்லிட்டு, இதக் கேக்கறப்ப உனக்கு எப்படி இருக்குன்னு அவளையும் கேட்டிருக்காரு.

வீட்டு ஞாபகம் வரும்னு அவ அந்தப் புஸ்தகத்தத் தொட்டதே இல்ல. வாசல்ல நின்னபடியே, கையோட கொண்டுபோனதுல நான் ஒரு பக்கத்தப் பிரிச்சுப் படிச்சுக் காட்டினேன். தொலஞ்ச பொண்ணு பேசற பேச்சு. அம்மா, இது நான் சொன்னதுன்னா. இன்னொரு பக்கம். இதுவும் நான் சொன்னதுன்னா. முதல்ல ரெண்டு பேருக்கும் சிரிப்புக்கூட வந்துச்சு. அப்புறம் அவ புஸ்தகத்த மூடச் சொல்லிட்டா.

சேச்சே, அவர விட்டுட்டெல்லாம் போகல. வேளாவேளைக்குச் சமைச்சுப் போடறேன், ரத்தக்கொதிப்பு மாத்திரைய எடுத்து வெக்கறேன். இப்பவும் காலையில பக்கத்துல வந்து நிக்கறாரு. எப்படி இருக்குன்னு கேக்கறாரு. நல்லா இருக்கேன்றேன். அவகிட்டயும் போய்க் கேட்டாராம், அவளும் அதையேதான் சொன்னாளாம். பாத்திரத்தக் கவுத்து வெச்சுட்டு நான் பஸ் ஏறிப் பேரனப் பாக்கப் போயிடுவேன்.

மூணாம் பாகத்துல அம்மாவும் பொண்ணும் சேர்றாங்க, அதானே உங்க விளம்பரம்? அத அவர் பாக்கல. உங்ககிட்டயே வாசல் வரைக்கும்தான் சொல்லியிருக்கேன். உள்ள போனப்புறம் நாங்க பேசினத யாருக்கும் சொல்றதா இல்ல. மாடிக்குப் போங்கம்மா. நவம்பர்லேர்ந்து ஒரு வரி எழுதல அவரு.