ஓசி சீட்டு

துர்காதேவி: ஏய்... துணிய இழுக்காத. "ஒதுக்கீடு"ல டு கோணிகினு போவுது பாரு.

ஹரிப்ரியா: நீ சிரிக்காம புடி, நேரா வரும்.

துர்காதேவி: பாவம் உங்கப்பா. கல்பாக்கத்துலேந்து புது பெட்ஷீட்டு வாங்கியாந்து குடுத்தா, பொண்ணு ஹாஸ்டல்ல அதுல பேனர் எழுதிகினு கீது.

ஹரிப்ரியா: அவர்கிட்ட சொல்லிடாதடி.

துர்காதேவி: எத? பெட்ஷீட்டயா... நாளிக்கி செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டாண்ட நாம நிக்கப்போறதயா?

ஹரிப்ரியா: ...ரெண்டையும்.

துர்காதேவி: ஹரி.

ஹரிப்ரியா: எழுதித் தரேன்ல? புடிக்க சாலமோன், பொன்னி எல்லாம் இருக்காங்க. நான் எதுக்கு...

துர்காதேவி: நல்லா கீதே! சென்ட்ரல் காலேஜ்ல நம்ம மாதிரி ஆளுங்களுக்கு சீட்டு ஒதுக்கக் கூடாதுன்னு, டில்லில டாக்டருக்குப் படிக்கிறவங்க துடப்பத்த எடுத்துகினு ரோட்ட பெருக்குனாங்க. அத டி.வி.ல பாத்துட்டு சாப்புடாம அழுதது யாரு? நாமளும் எதுனா பண்ணணும்னு ரூம் ரூமா போயி கூப்ட்டது யாரு?

ஹரிப்ரியா: பேப்பர்ல போட்டோ வரும் துர்கா.

துர்காதேவி: வரட்டுமே.

ஹரிப்ரியா: அப்பா பாப்பாரு. டவுன்ஷிப் பூரா பாக்கும்.

துர்காதேவி: பாத்துட்டு... உன்னயும் கோட்டான்னு நெனச்சிக்குவாங்க. அதானே?

ஹரிப்ரியா: அந்த பெயிண்ட் டப்பாவ இங்க தள்ளு.

துர்காதேவி: சும்மா சொன்னேன்டி. மூஞ்சி ஏன் இப்டி போவுது?

ஹரிப்ரியா: ஃபர்ஸ்ட் இயர்ல, லேப்ல வெச்சு பரணிதரன் உன் ஊரையும் இழுத்து உன்ன "படாளம் கோட்டா"ன்னு சொன்னானே... உனக்கு வலிக்கலயா?

துர்காதேவி: சிரிப்பு வந்துச்சி.

ஹரிப்ரியா: சிரிப்பா!

துர்காதேவி: யாராண்டயும் சொல்லாத. என்துது ஓ.சி. சீட்டு.

ஹரிப்ரியா: என்னது?

துர்காதேவி: எம்.பி.சி. சர்டிபிகேட்டுதான் குடுத்தேன். மார்க்கு மேல போச்சா, பொதுப் போட்டியிலயே குடுத்துட்டாங்க. லெட்டர்ல ஓ.சி.ன்னு போட்ருந்துச்சி. அத பாத்துட்டு எங்க நைனா நேரா ஹெட்மாஸ்டராண்ட போயி ஒரே சண்ட.

ஹரிப்ரியா: ஏன்?

துர்காதேவி: "எம்பொண்ணு கண்ணு முழிச்சிப் படிச்சி வாங்குன சீட்டு. ஓசில குடுத்ததுன்னு எவன்யா எழுதுனான்?"ன்னு.

ஹரிப்ரியா: அய்யோ...!

துர்காதேவி: ஹெட்மாஸ்டரு வெளக்கி சொன்னதும், "எம்பொண்ணுக்கு ஓசி சீட்டு"ன்னு ஊருக்கே முட்டாய் குடுத்தாரு எங்க நைனா எல்லப்பன்.

ஹரிப்ரியா: போதும்டி... வயிறு வலிக்குது... இரு. மூணு வருஷமா ஒரே ரூம்ல இருக்கோம். எங்கிட்ட கூட ஏன் சொல்லல? அன்னிக்கே சொல்லியிருந்தா அவன் வாய மூடியிருப்பான்ல?

துர்காதேவி: அவன் மூடியிருப்பான். "நான் கோட்டா இல்ல"ன்னு நானே சொன்னா இன்னா அர்த்தம்? கோட்டால வந்தவங்க மட்டம்னு நானும் ஒத்துகினேன்னு ஆவாது? அன்னிக்கி லேப்ல எத்தினி பேரு தலய குனிஞ்சிகினு நின்னாங்க... அவங்கள வுட்டுட்டு நான் மட்டும் தப்பிச்சிக்கணுமா?

ஹரிப்ரியா: துர்கா... நான்...

துர்காதேவி: இன்னாடி... அழுவுற? பெயிண்டுக் கையால கண்ண தொடாத.

ஹரிப்ரியா: அன்னிக்கு நான் உன் பக்கத்துலதான் நின்னேன்.

துர்காதேவி: தெரியாதா? என் கைய கெட்டியா புடிச்சிகினு இருந்த. அதுலேந்துதானே நீ எனக்கு ஃப்ரெண்டு.

ஹரிப்ரியா: உனக்கு ஆறுதல் சொல்றதுக்காக நான் கையப் புடிக்கல துர்கா. எனக்குப் பயம், அதான் புடிச்சேன்.

துர்காதேவி: அவன் என்னய சொன்னதுக்கு உனக்கு ஏன்...

ஹரிப்ரியா: நீ விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொன்னியே... அவங்கள்ல நானும் ஒருத்தி. எஸ்.சி. லிஸ்ட்லதான் எனக்கு சீட்டு. யாருக்கும் தெரிய வேணாம்னு அப்பா சத்தியம் வாங்கியிருக்காரு... காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்?