நத்தைக்கு வந்த கடிதங்கள்

காலையில் ஆறரைக்கு எழுவேன். பால் காய்ச்சுவேன், முகம் மழிப்பேன், ஏழரை பஸ்ஸைப் பிடிப்பேன். எட்டேகாலுக்கு ஸ்டூடியோ. பொம்மை அறையைத் திறந்ததும் முதல் வேலை, நத்தையின் உள்துணியைத் திருப்பி மின்விசிறிக்கு நேரே காயப்போடுவது. முந்தின நாளின் கை வியர்வை அதில் இருக்கும். அது காய்கிற நேரத்தில் வந்த கடிதங்களைப் பிரிப்பேன். உறைகள் குப்பைக்குப் போகும். கடிதங்களை அடுக்கி, நத்தையை ஆட்டுகிறவரின் மேசையில் வைப்பேன். உறைகள் எங்கே என்று கேட்டீர்கள். நாங்கள் எப்போதுமே உறைகளை எடுத்து வைத்ததில்லை.

நத்தையின் பெயர் அவசரம். குழந்தைகள் நிகழ்ச்சி. ஒவ்வொரு வாரமும் கதை முடிகிற நேரத்துக்குத்தான் அது வந்து சேரும். அதுவரை எங்கிருந்தோ "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று குரல் மட்டும் கேட்கும். பொம்மையைச் செய்தவன் நான். அதற்குள் கையை விட்டுக் குரல் கொடுத்தவள் என் மனைவி. ஆறு வருடம். நடுவிரலைக் கொஞ்சம் மடக்கினால் இடது கண் மட்டும் மெல்லத் தாழும். அப்படித் தாழ்ந்தால் நத்தை பொய் சொல்லப்போகிறது என்று எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அந்தக் கண்ணை அப்படித் தாழ்த்தலாம் என்பது பொம்மையைச் செய்த எனக்கே தெரியாது. அவளாகக் கண்டுபிடித்தது.

போன வருடம் படுத்தாள். ஆறு வாரம் ஆஸ்பத்திரி. பிறகு இல்லை.

புதுப் பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது. என்னை அண்ணா என்பாள். ஒருமுறைகூடப் பார்த்திராத என் மனைவியை அக்கா என்பாள். அவளுடைய முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் கடிதங்கள் சாக்குச் சாக்காக வந்தன. கேமராக்காரர் சத்தமாக வாசித்தார்.

"உனக்குச் சளியா? நெஞ்சுல தைலம் தேச்சுக்கோ... இதக் கேளும்மா. நீ அவசரம் இல்ல. அவசரத்த முழுங்கிட்ட வேற நத்தை."

"சரியாத்தான சார் சொல்றாங்க. முழுங்கிட்டேன், செரிக்கத்தான் மாட்டேங்குது" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரங்கள் எனக்கு நன்றாகவே இருந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒரே மாதத்தில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இந்தக் குழந்தைகள் போகவில்லை. முகம் தெரியாத ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை, இது அது இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்குத் துணை இருந்தது.

மூன்றாவது மாதம் சாக்கு பையாகி, பை ஒரு கைப்பிடியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று கேட்டது. "மெதுவா வா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு டிவி என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. மறுநாள் பிரித்த முதல் கடிதத்தில் இரண்டே வரி. "அவசரம், உனக்குச் சளி சரியாகிவிட்டது. இனி உடம்பைப் பார்த்துக்கொள்." புதுப் பெண் இடது கண்ணைத் தாழ்த்தப் பழகியிருந்த வாரம் அது.

அந்தக் கடிதத்தை அவள் மேசையில் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக இடது கையால் நான் ஒன்று எழுதி வைத்தேன்.

எட்டு வயதுப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. ஊசி குத்திய இடம் பச்சைபிடித்துக் கிடக்கிறது. ஆறு வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இதையெல்லாம் யோசித்து எழுத வேண்டியதில்லை. பழைய அவசரம் வந்தால்தான் மருந்து குடிப்பேன் என்று முடித்தேன். நான்கு வாரங்களில் ஐந்து கடிதங்கள். ஒவ்வொன்றிலும் கையெழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அதில் கவனமாக இருந்தேன்.

புதுப் பெண் சரியாகச் சாப்பிடுவதை விட்டாள்.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாமாண்ணா?"

"அட்ரஸே எழுதல. ஆஸ்பத்திரி பேரு மட்டும்தான் உறையில இருந்துச்சு. உள்ள விடமாட்டாங்கம்மா."

"அப்ப பேசித் தரேன். நீங்க அனுப்பிடுவீங்கல்ல?"

பழைய நிகழ்ச்சிகளைக் கேட்டு நான்கு நாள் பழகி, ஒரு கேசட்டில் பேசிக் கொடுத்தாள். பொம்மை அறையில் உட்கார்ந்து கேட்டேன். மூச்சு இழுக்கிற இடம், சொல்லுக்கு நடுவில் உடைகிற சின்னச் சிரிப்பு, எல்லாமே என் மனைவி. கதவைத் திரும்பிப் பார்த்தேன். கேசட்டைச் சுற்றி மறுபடி போட்டுக் கேட்டேன். அத்தோடாவது நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். அதைக் கேட்டதால்தான் நிறுத்த முடியவில்லை.

ஆறாவது கடிதத்தை வலது கையால் எழுதினேன், குழந்தையின் அம்மாவாக. கேசட்டைப் போட்டுக் காட்டினோம். இது யாரோ என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். விடியும்போது போய்விட்டாள். உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லையம்மா. இந்தக் கடைசி வரி வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

புதுப் பெண் வாசித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைய படப்பிடிப்பை முடித்துக் கொடுத்தாள், குறை சொல்ல முடியாதபடி. நான்காம் நாள் அவள் வரவில்லை. அவள் தங்கியிருந்த அறைக் கதவை உடைத்தவர்கள் போலீஸ்காரர்களாகிய நீங்கள். தலையணைக்கு அடியில் ஆறு கடிதங்களும் இருந்ததாகச் சொன்னதும் நீங்கள்தான்.

வேலையை விட்டுப் போகட்டும் என்றுதான் எழுதினேன் என்று காலையில் சொன்னேன். முதல் ஐந்துக்கு அது பொருந்தும். ஆறாவதை எழுதும்போது அவள் உயிரோடு இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அந்தக் குரல் என் மனைவியை மண்ணில் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு நடமாடிக்கொண்டிருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். நத்தையை யாருக்கும் கொடுத்துவிடாதே என்பதுதான் என் மனைவி கடைசியாகச் சொன்னது என்று ஸ்டூடியோவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நினைவில் நின்றது. நீங்கள் மறுபடி மறுபடி கேட்டதால் யோசித்துப் பார்த்தேன். மதிய நேரம். ஈரத் துணியால் அவள் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்றேன். சிரித்தாள்.

"பசங்க பத்து நாள்ல பழகிடுவாங்க. நீதான் பாடாப் படுத்துவ. வர்ற பொண்ணு பாவம், அவளைப் படுத்தாத, என்ன?"