வெளிப்பக்கம் பூட்டிய கொட்டகை

இந்த அறையில் காற்று நன்றாக வருகிறது. எங்கள் அச்சகத்தில் இப்படி ஒரு ஜன்னல் இருந்திருந்தால் கோடையில் எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். நான் நிதானமாகவே சொல்கிறேன், ஐயா. எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம். என் பெயர் சொக்கலிங்கம். இரங்கூனில் வரும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் பதினான்கு வருஷமாகப் பிழை திருத்துகிறேன்.

அப்பாசாமியைப் பத்திரிகையில் சேர்த்துவிட்டதே நான்தான். துறைமுகத்தில் மூட்டைகளுக்கு அடையாள எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன். மங்கலத்தை அவனுக்குப் பேசி முடித்ததும் நானே. என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவான். அவன் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மாசி மாதம் ஓடைக்கரைப் பசுண்டாங் பகுதியில் அரிசி ஆலைக் கூலிகளின் கொட்டகை எரிந்தது. மூன்று பேர் செத்ததாக எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. நாங்களும் அப்படியே போட்டோம். அப்பாசாமி மட்டும் அங்கே போய்ப் போய் வந்தான். அவன் தலை தெரிந்தால் கூலிகள் எழுந்து போய்விடுவார்கள். ஆலை வாசலில் வைத்து அவன் மூக்கை உடைத்தார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில் வாங்கவில்லை. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் ஒருநாள், செத்தவர்கள் என்று நாற்பத்தொரு பெயர்களோடு வந்து நின்றான். ஊர், தகப்பன் பெயர், வயது எல்லாம் எழுதியிருந்தான்.

கொட்டகை வெளிப்பக்கம் பூட்டியிருந்திருக்கிறது. கூலிகளைக் கப்பலில் கூட்டிவரும் தங்கவேலு மேஸ்திரி, ஆட்கள் ஓடிப்போகாமலிருக்கப் பூட்டச் சொல்லியிருக்கிறார். அங்கே சோறு பொங்கிப் போடும் ரத்தினம்மாள் அதைப் பார்த்தவள். நெருப்புப் பிடித்ததும் சாவி கேட்டு மேஸ்திரியின் காலில் விழுந்தவள். கோர்ட்டில் சொல்லவும் சம்மதித்திருந்தாள்.

"அண்ணே, இந்தப் பேரு நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா அந்தம்மாவ உசுரோட விடமாட்டாங்க," என்றான் அப்பாசாமி.

முதல் கட்டுரை அவள் பெயர் இல்லாமல் வந்தது. மறுநாளே மேஸ்திரியின் ஆட்கள் வந்து அச்செழுத்துகளைப் பெட்டி பெட்டியாகச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போனார்கள். நான்கு நாள் குத்த வைத்து உட்கார்ந்து சேற்றிலிருந்து பொறுக்கினேன். ணகரத்தில் பாதி கிடைக்கவேயில்லை. எங்கள் அச்சகத்தை நம்பிப் பதினெட்டுக் குடும்பங்கள் இருந்தன. செத்தவர்கள் செத்துவிட்டார்கள். இருப்பவர்களைப் பற்றி ஒருவராவது யோசிக்க வேண்டும் இல்லையா. அப்பாசாமி யோசிக்கவில்லை. அதனால் நான் யோசித்தேன்.

மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "சாட்சி யாருன்னு மட்டும் சொல்லுங்க. ஊருக்குக் கப்பலேத்தி விட்டுர்றேன். அதுக்கப்புறம் உங்க பத்திரிகை பக்கம் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்," என்றார்.

சொன்னேன்.

மூன்றாம் நாள் ரத்தினம்மாள் பசுண்டாங் ஓடையில் மிதந்தாள். கழுத்தில் கயிறு இருந்ததாம். கப்பல் என்னவாயிற்று என்று நான் மேஸ்திரியிடம் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

அப்பாசாமி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து குலுங்கி அழுதான். "நான்தான்ணே கொன்னுட்டேன். எவனோ என் பின்னாலயே வந்திருக்கான். நான் திரும்பிப் பாக்காம போயிருக்கேன்." நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவனிடம் வாதாடுவது சரியல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி அந்தம்மா பேரையும் சேத்துப் போடுவேன். நாப்பத்திரண்டு," என்றான்.

அதோடு அவன் விட்டிருந்தால் நாம் இன்று இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம்.

மேஸ்திரி இந்த முறை அச்சகத்துக்கே வந்தார். ஓடைக்கு அக்கரையில் இருக்கும் தாகேதாவுக்கு அவனை ஒருநாள் அழைத்து வந்தால் போதும், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். பேசத்தான் என்று நானும் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அன்று காலையில் பழைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆலைக் காவலாளி ஒருவர் சாட்சி சொல்ல அக்கரையில் காத்திருக்கிறார் என்று அப்பாசாமியிடம் சொன்னேன். "நெசமாவாண்ணே?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. சம்பான் படகில் ஓடையைத் தாண்டினோம். வழியெல்லாம் அந்தக் காவலாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

காய்ந்த வயலில் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். வெட்டுக்கத்தி வைத்திருந்தார்கள். அப்பாசாமி முதலில் செய்தது என் கையைப் பிடித்து இழுத்ததுதான். "அண்ணே, ஓடுங்க!" என்றான். நான் நகரவில்லை. பிடித்த கையை நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறுபடி இழுத்துப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு இழுக்கவில்லை.

அவன் சட்டைப் பையிலிருந்த பெயர்ப் பட்டியலை எடுத்து வந்து அச்சகத்து அடுப்பில் போட்டேன். ஓடையில் படகு கவிழ்ந்து எங்கள் நிருபர் மரணம் என்ற செய்தியை எழுதியதும் நான்தான். பத்திரிகை தவறாமல் வருகிறது. பதினெட்டுக் குடும்பங்களும் சாப்பிடுகின்றன.

அன்று காலை நான்தான் அவனைக் கூட்டிப் போனேன் என்று மங்கலம் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவளைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. கேட்டால் மனசு கொஞ்சம் ஆறும். அவள் புருஷன் போகும்போது தனியாக இல்லை. கடைசி மூச்சு வரைக்கும் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.