ஆர்லோவின் ஆகஸ்ட் மதிப்பெண்

வாரத்தின் ஏழு நாட்களைப் பின்னாலிருந்து சொல்வது நாம் நினைப்பதைவிடக் கடினம். ஞாயிறு, சனி, வெள்ளி வரை நாக்கு தானாகப் போய்விடும். வியாழன் தாண்டியதும் மூளை ஒரு நொடி நிற்கும். திங்களிலிருந்து ஒருமுறை முன்பக்கமாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் புதனைக் கொடுக்கும். அந்த ஒரு நொடியைத்தான் இந்தச் சோதனை பிடிக்கிறது. விசாரணைக் காகிதங்களெல்லாம் உங்கள் மேஜைக்கு வந்திருக்கும், மேடம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் உங்களுக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் சங்கத்தில் ஆகஸ்ட் மாதம், பனித்தளம் திறப்பதற்கு முன்னால், இந்தச் சோதனையை எடுப்பார்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பள்ளிக்கூட ஹாலில் உட்காருவார். ஐந்து சொற்களைச் சொல்லுவார்: கரண்டி, மேகம், நாற்காலி, மீன், ஜன்னல். பிள்ளை உடனே திருப்பிச் சொல்ல வேண்டும், பத்து நிமிடம் கழித்து மறுபடியும் சொல்ல வேண்டும். பிறகு எண்களைத் தலைகீழாக, கிழமைகளைத் தலைகீழாக. கடைசியில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் இருபது நொடி. கால் தரையைத் தொட்டால் ஒரு புள்ளி போகும். மொத்தம் முப்பத்தாறு. தலையில் அடிபட்டால் இதே சோதனையை மறுபடி எடுப்பார்கள். மதிப்பெண் இறங்கியிருந்தால் பிள்ளை பனியில் கால் வைக்க முடியாது.

முந்தின பருவத்தில் என் மகன் ஆர்லோவுக்கு எட்டு வயது. ஆகஸ்டில் முப்பத்துமூன்று வாங்கினான். டிசம்பரில் சறுக்கிப் போய்த் தளத்தின் பக்கப் பலகையில் இடித்துக்கொண்டான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு மக்ரோனி சாப்பிட்டான், நாயோடு விளையாடினான். சோதனையில் முப்பது. மூன்று புள்ளிகளுக்காக ஐந்து வாரம் வெளியே. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாத பிள்ளை ஒரு காகிதத்தில் மட்டும் குறைந்துபோகிறான். அந்த மூன்று புள்ளி இறங்காமல் இருக்க என்ன வழி? சின்னக் கணக்குதான். ஆனால் மாதக்கணக்கில் எனக்கு விடை கிடைக்கவில்லை.

அந்த ஐந்து வாரத்தில் ஆர்லோவின் நடு ஆட்டக்காரன் இடம் மேசன் பெல்டியே என்ற பையனுக்குப் போய்விட்டது. மேசன் கெட்ட பையனில்லை, நேராகச் சறுக்குவான், திரும்பத் தெரியாது. அவனுடைய அப்பா கார்ட் பெல்டியேயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் பார்வையாளர் படிகளில் உட்காரும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

நீங்கள் ஒரு சனிக்கிழமை காலை அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு அம்மா மாட்டு மணியைக் கொண்டுவந்து ஆட்டுவார். ஒரு அப்பா ஸ்டாப்வாட்ச் வைத்து, தன் மகன் எத்தனை நொடி பனியில் நின்றான், கோச்சின் மகன் எத்தனை நொடி நின்றான் என்று கணக்கெடுப்பார். நடுவராக நிற்பது பதினைந்து வயதுப் பெண். முகத்தில் பரு. அவளைப் பார்த்து நாற்பது வயது மனிதர்கள் கண்ணாடித் தடுப்பைக் கையால் அடித்துக்கொண்டு கத்துவார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஒரு ரப்பர் வட்டைத் துரத்துகிறார்கள், மேடம். பாதிப் பேருக்கு ஸ்கேட் கயிற்றைக் கட்டத் தெரியாது. பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் அழுதால், இந்தப் பெற்றோர் அதைக் குணத்தை வளர்ப்பது என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஆர்லோ வெளியே இருந்த நாட்களில் கார்ட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிரென்ட், உன் பையனுக்கு அடுத்த வருஷம் ஹெல்மெட்டுக்குப் பதிலா தலகாணியக் கட்டி அனுப்பு. பாவம், பூ மாதிரி இருக்கான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் காபியைக் குடித்தேன். எட்டு வருடமாக அந்தப் படிகளில் உட்கார்ந்திருக்கிறேன், முதலில் மூத்தவளுக்காக, பிறகு இவனுக்காக. ஒரு தடவைகூட நான் குரலை உயர்த்தியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் அந்த வகை அப்பா இல்லை.

வசந்த காலம் முழுவதும் முயன்றேன். சொற்களை மனப்பாடம் செய்ய வைக்கலாம் என்று பார்த்தால், ஒவ்வொரு தடவையும் வேறு ஐந்து சொற்கள். கிழமைகளைத் தலைகீழாகப் பழக்கினேன். பள்ளிக்குப் போகும் வழியில் பாட்டாகவே சொன்னான், ஆனால் அடிபட்ட மூளைக்குப் பாட்டு நினைவிருக்குமா என்பது தெரியாது. ஒற்றைக் காலில் நிற்பதைப் பல் தேய்க்கும்போது பழக்கினேன். வீட்டில் நான் எடுத்த சோதனையில் முப்பத்தைந்து வாங்கினான். அங்கேதான் எனக்கு உறைத்தது. அவன் ஏற ஏற, விழும் உயரமும் கூடிக்கொண்டே போகிறது. நான் தவறான திசையில் உழைத்துக்கொண்டிருந்தேன்.

வழி ஜூலையில் கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அது வேலை செய்ததா என்பதை முதலில் பாருங்கள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் வேறொரு பையனின் முழங்கால் ஆர்லோவின் ஹெல்மெட்டில் பட்டது. எங்கள் அணியின் முதலுதவிக்காரர் டோரீன், பேக்கரி நடத்துகிற பெண். சட்டப்படி அவனை உடனே வெளியே எடுத்தார். சரிதான். வியாழக்கிழமை கிளினிக்கில் டாக்டர் சோதனை எடுத்தார். நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். ஆர்லோ புதன்கிழமையில் நின்றான். நெற்றியைச் சுருக்கி முயன்றான், வரவில்லை. ஐந்து சொல்லில் மூன்று. ஒற்றைக் காலில் நான்கு தடவை தடுமாறினான். இருபத்தைந்து.

டாக்டர் அந்த வருட ஆகஸ்ட் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதில் இருபத்தாறு. "தலவலி இருக்காப்பா?" என்று கேட்டார். ஆர்லோ என்னைப் பார்த்தான். இல்லை என்றான். "அப்ப ஒண்ணுமில்ல. ஆகஸ்ட்ல எப்படி இருந்தானோ அப்படியேதான் இருக்கான்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் முன்னால் இருந்த இரண்டு எண்களையும் அவர் சரியாகவே படித்தார்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் சில சின்ன விஷயங்கள் நடந்தன. காலையில் பாலைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஊற்றினான். தங்கை கரண்டியால் தட்டைத் தட்டினால் காதைப் பொத்திக்கொண்டான். "அப்பா, நம்ம வீட்டு லைட்ட மாத்திட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டான். மாற்றவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான்.

என் மனைவி ஜனெல் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "இவன் சரியா இல்ல, பிரென்ட். நேத்து ஒரே கதைய மூணு தடவ சொன்னான். மூணாவது தடவையும் புதுசா சொல்ற மாதிரியே சொன்னான்."

நான் டாக்டரின் காகிதத்தைக் காட்டினேன். அவள் அதைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். காகிதத்தோடு யாரும் வாதம் செய்ய முடியாது.

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை சட்பரி நகரத்தில் போட்டி. வட்டாரத் தேர்வாளர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆர்லோ நடுவில் ஆடினான், மேசன் ஓரத்தில். இரண்டாம் பகுதியில் எதிரணிப் பையன் ஒருவனின் தோள் ஆர்லோவின் தோளில் உரசியது. அவ்வளவுதான். அவன் விழக்கூட இல்லை. தானே சறுக்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பல்காப்பு வாயிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை.

மூளையில் முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இரத்தக் குழாய்கள் தங்கள் கட்டுப்பாட்டை இழந்துவிடும். மண்டை ஓட்டுக்குள் வீங்க இடமில்லை. எல்லாம் மூன்று நான்கு நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மிகத் துல்லியமான இயக்கம்.

முதலில் தடுப்பைத் தாண்டிக் குதித்தவர் கார்ட் பெல்டியே. அவர் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் தன்னார்வலர். பனியில் வழுக்கி முட்டி அடிபட்டும் தவழ்ந்து போய் ஆர்லோவின் கழுத்தை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார், ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தார். "டேய் ஆர்லோ, என்னப் பாருடா, இங்க பாரு கண்ணா" என்று அரங்கம் முழுக்கக் கேட்கக் கத்தினார். அந்த மனிதருக்கு வேறெந்தக் குரலும் கிடையாது.

பதினோரு வாரம் ஆகிறது. ஆர்லோ இப்போது அம்மாவைக் கண்டால் சிரிக்கிறான். இடது கை மூடியே இருக்கிறது. கரண்டியைக் காட்டினால் அது என்னவென்று தெரிகிறது, பெயர் வருவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் டாக்டர்தான் முதலில் சந்தேகப்பட்டார். பள்ளிக்கூட அறிக்கையை வரவழைத்துப் பார்த்தார். வகுப்பிலேயே முதலாவதாக வருகிற பையன். "இவனுக்கு ஆகஸ்ட்ல இருபத்தாறா?" என்று ஜனெலிடம் கேட்டிருக்கிறார். முந்தைய வருடக் காகிதம் இருந்தால் அவர் அப்போதே புரிந்துகொண்டிருப்பார். ஆனால் எங்கள் சங்கம் புதிய காகிதம் வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடும். அத்தனை கத்தலுக்கும் நேரமிருக்கிற கூட்டத்துக்கு ஒரு கோப்பு வைக்க நேரமில்லை.

ஜனெல் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து என் எதிரில் நின்றாள்.

"ஆகஸ்ட்ல அவன்கூட யாரு போனது?"

"நான்தான்."

"என்ன சொல்லிக் குடுத்த?"

விளக்க நேரமாகும் என்று சொன்னேன். அவள் காத்திருக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு விளக்குகிறேன். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள், அதற்கு நன்றி.

என் வேலை எடைமேடைகளைச் சரிபார்ப்பது. ஜூலையில் குப்பைக் கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள். மேடை பழுது, ஒரு லாரியின் சுமை மட்டும் எப்போதும் குறைவாகக் காட்டுகிறது என்றார்கள். லாரி நிறைந்து உள்ளே வரும்போது ஒரு எடை, குப்பையைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சுமை, அதற்குத்தான் கட்டணம். மேடையில் ஒரு பழுதும் இல்லை. பாதி நாள் நின்று பார்த்தேன். வெளியே போகும்போது ஓட்டுநர் தன் மைத்துனர்கள் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிப் படுக்க வைத்திருந்தார். நல்ல பருமனான ஆட்கள். நிறைந்த லாரியின் எடையை அவர் தொடவே இல்லை. காலி லாரியைத்தான் கனமாக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த யோசனை அவ்வளவு அழகாக இருந்தது.

இரண்டு வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சமையலறை மேஜையில் ஆர்லோவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு அது கஷ்டமாக இருந்தது. புதன் அவனுக்குத் தெரியும், தெரியாத மாதிரி நிற்க வரவில்லை.

"தெரிஞ்சத தெரியாதுன்னு சொன்னா அது பொய் இல்லையாப்பா?"

"பொய் இல்லடா. நீ ஆடும்போது வட்டை இடது பக்கம் காட்டிட்டு வலது பக்கம் தள்றியே, அது பொய்யா?"

அவன் யோசித்தான். இல்லை என்று ஒத்துக்கொண்டான். நியாயமான பிள்ளை. முதலில் மிக அதிகமாகத் தப்புச் செய்தான், பத்தொன்பதுக்குப் போய்விட்டான். அவ்வளவு குறைந்தால் பிசியோதெரபிஸ்ட் நம்பாமல் மறுபடி எடுப்பார். ஐந்து சொல்லில் இரண்டை விடு, புதனில் நில், காலை மூன்று தடவை கீழே வை என்று அளவு சொல்லிக் கொடுத்தேன். ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி ஒரு புள்ளி பிசகாமல் இருபத்தாறு வாங்கினான். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "நான் நல்லா தப்புப் பண்ணினேனாப்பா?" என்று கேட்டான். அவனுக்கு டோனட் வாங்கிக் கொடுத்தேன்.

கிளினிக்கில் அந்த வியாழக்கிழமை அவன் நடிக்கவில்லை. எனக்கு அது தெரிந்தது. முப்பத்தைந்திலிருந்து பத்துப் புள்ளி கீழே இருந்தான். காகிதத்தில் ஒரு புள்ளிதான் இறங்கியிருந்தது.

ஆகவே, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அந்தச் சோதனை ஒரு பிள்ளையை வேறு யாரோடும் ஒப்பிடுவதில்லை, அவனோடு மட்டும்தான் ஒப்பிடுகிறது. அடிபட்ட பிள்ளையை நலமான பிள்ளையாகக் காட்ட வேண்டுமானால், அவன் நல்லபடியாக இருக்கும்போதே அடிபட்டவனாக எழுதி வைத்துவிட வேண்டும். நான் அதைச் செய்தேன். அது வேலை செய்கிறது.